இருபத்திரண்டு யாரால் வந்தது?

தணிகைவேல் வாங்கியது ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டி விற்ற ஹைபிரிட் கார். ஆலைக்குப் போய்வர அவருக்குத் தினமும் நூற்றிருபது கிலோமீட்டர். "லிட்டருக்கு இருபது தரலேன்னா அடுத்த மாசமே வித்துடுவேன்" என்று முதல் நாளே போனில் மனைவியிடம் சொல்லிவிட்டார். அது இன்ஜின் காதிலும் பேட்டரி காதிலும் விழுந்தது. இன்னொரு தடவை விலைபோக இரண்டுக்கும் இஷ்டமில்லை.

அதனால் ஒழுங்காக உழைத்தன. நெடுஞ்சாலையில் இன்ஜின் இழுத்தது. டோல்கேட் நெரிசலில் அது ஓய்வெடுக்க, பேட்டரி ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் வண்டியை நகர்த்தியது. மாதக் கடைசியில் மீட்டர் இருபத்திரண்டு காட்டியது.

"அத்தனை தூரம் இழுத்தவன் நான்" என்றது இன்ஜின்.

"நெரிசல்ல உன்னைக் குடிக்க விடாம பார்த்துக்கிட்டவன் நான்" என்றது பேட்டரி.

சண்டை முற்றிய நேரத்தில் தணிகைவேல் இறங்கி வண்டியின் முன்னால் குந்தினார். பம்பரில் தொங்கிய காய்ந்த எலுமிச்சம்பழத்தை அறுத்து எறிந்தார். புதுப் பழத்தை மிளகாயோடு கோத்துக் கட்டிக் கும்பிட்டார்.

"இருபத்திரண்டு! எல்லாம் எலுமிச்சம்பழத்தோட ராசி" என்றார் போனில்.

இன்ஜின் கீழே கிடந்த பழைய பழத்தைப் பார்த்து உறுமியது. "சும்மா தொங்கினதுக்கு உனக்குப் பேரா?"

"எனக்கு எங்கேப்பா?" என்றது பழம். "நான் குப்பையில கிடக்கேன். கும்பிடு வாங்கினவன் இன்னைக்குக் காலை வரைக்கும் காய்கறிக் கடையில இருந்தான்."