சிவப்பு மை சொல்லாதது

ஒரு வீட்டுப் பிரிண்டருக்குள் சிவப்பு மையும் கறுப்பு மையும் பக்கத்துப் பக்கத்து டப்பாக்களில் குடியிருந்தன. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டு வந்தது. தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுவார்களோ என்ற பயத்தில் அது வீட்டார் யாரிடமும் மூச்சுவிடவில்லை; பக்கத்தில் இருந்த கறுப்புக்கு மட்டும் தெரியும்.

அந்த வீட்டுப் பெண் பெனிட்டா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அப்பா சகாயம் அவள் சிரிக்கும் படம் ஒன்றை செல்போனில் தேடியெடுத்தார். மிச்சமிருந்த ஒரே போட்டோ பேப்பரைப் பிரிண்டரில் வைத்தார்.

"இப்பவாவது சொல்லிடு. புது மை வாங்கிட்டு வரட்டும்," என்றது கறுப்பு.

"ஒரு முகம்தானே, சமாளிச்சிடுவேன்," என்றது சிவப்பு.

நெற்றிவரை நன்றாகத்தான் வந்தது. கன்னத்துக்கு வரும்போது சிவப்பிடம் ஒரு சொட்டுகூட இல்லை. எவ்வளவோ முக்கிப் பார்த்தது. மஞ்சளும் நீலமும் மட்டும் விழுந்து, முகம் பச்சை பூத்து வெளியே வந்தது.

அம்மா லூர்து அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள்.

"கடைசி நாள் கட்டில்ல இப்படித்தாங்க கிடந்தா," என்று சொல்லிப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

சகாயம் பிளக்கைப் பிடுங்கி, பிரிண்டரைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். அங்கே, நிறைய மை வைத்திருந்த கறுப்பும் மெல்ல மெல்லக் காய்ந்துபோனது.