பள்ளத்தில் வீசிய கேமரா

"கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, என் தம்பியை முதுகுல தூக்குங்க."

விற்பனையாளருக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"யாரைம்மா?"

"இதோ, இவனைத்தான்."

அந்த அம்மா காட்டிய தம்பி நல்ல ஓங்குதாங்கான ஆள். மீசை நரைக்க ஆரம்பித்திருந்தது. கூச்சத்தில் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, மானத்தை வாங்காதே. வா, போகலாம்."

"நீ சும்மா இரு."

காலையிலிருந்து போணியாகாத கடை. விற்பனையாளர் பரிதாபமாக முதலாளியைப் பார்த்தார். 'தூக்குய்யா' என்று முதலாளி கண்ணைக் காட்டினார். அவருக்கென்ன, தூக்கப்போவது அவர் முதுகு இல்லையே!

வந்ததிலிருந்தே அந்த அம்மா ஒரு தினுசாகத்தான் இருந்தார். மலையேறும்போது எடுத்துப் போக லேசான கேமரா வேண்டும் என்றார். தூறல் தாங்கும், குளிரிலும் பேட்டரி நிற்கும் என்று விற்பனையாளர் அடுக்கிய எதுவும் அவர் காதில் ஏறவில்லை. படம் நன்றாக விழுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"யாருக்கும்மா? உங்க பையனுக்கா?"

"பையனோட சிநேகிதனுக்கு."

"அப்ப உங்க பையனுக்கு?"

"அவனுக்கு வேண்டாம்."

பெற்ற பிள்ளைக்கு இல்லாத கேமரா ஊரான் பிள்ளைக்கா! விற்பனையாளர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார்.

"இப்ப அவர்கிட்ட என்ன கேமரா இருக்கு?"

"இருந்துச்சு. பெரிசா, கனமா. ஆசை ஆசையா வாங்கினான். மலையிலேர்ந்து பள்ளத்துல வீசிட்டான்."

"தவறி விழுந்துடுச்சா?"

"இல்ல. அவனேதான் கழட்டி வீசினான்."

தம்பி வெறுப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விற்பனையாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்கக் கேமராவோடு புழங்கியும், சொந்தமாக ஒன்று வாங்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. வீசி எறிகிற மகராசனுக்கோ புதுசு வீடு தேடி வருகிறது!

அந்த எரிச்சலோடுதான் குனிந்து தம்பியைத் தூக்கினார். கழுத்தில் தொங்கிய கேமரா முன்னால் ஆடி முட்டியில் இடித்தது.

"லேசுன்னு சொன்னீங்க?"

"கேமரா லேசுதாம்மா. லென்ஸை மாட்டினாதான் கனத்துடும்."

"வேண்டாம். வேற."

அடுத்தது கொஞ்சம் சின்னது. ஆனால் தம்பியின் கையும் கேமராவின் வாரும் பின்னிக்கொண்டு, விற்பனையாளரின் கழுத்தை இறுக்கின.

"ஐயோ, மூச்சு முட்டுது!"

"அப்ப இதுவும் வேண்டாம்."

கடைசியில் சட்டைப்பையில் அடங்குகிற ஒன்றை எடுத்தார்.

"தூரத்துல இருக்கற பறவையைக் கிட்ட இழுக்காதும்மா. ஆனா மலை, மேகமெல்லாம் நல்லா வரும்."

"பையில போட்டுக்கிட்டுத் தூக்குங்க. கொஞ்ச தூரம் நடங்க."

நடந்தார். கடைக்கோடிவரை போய்த் திரும்புவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

"கேமரா கனம் தெரிஞ்சுதா?"

"ஆளு கனம்தாம்மா தெரிஞ்சுது. கேமரா இருக்கறதே மறந்துபோச்சு."

அந்த அம்மா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது.

"இதையே குடுங்க."

பெட்டியை எடுக்கப் போன விற்பனையாளருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஒரு தடவை வீசினவரு இதையும் வீசமாட்டாருன்னு என்ன நிச்சயம்?"

"நல்லாக் கேளுங்க சார்!" தம்பி வெடித்தான். "என் அக்கா பையனை மலைக்குக் கூட்டிட்டுப் போனதே அவன்தான். ரெண்டு பேரா போனாங்க. உயிரோட வந்தது அவன் மட்டும்தான். அவனுக்குப் போய் அக்கா கேமரா வாங்கிட்டு இருக்கு!"

விற்பனையாளர் எடுத்த பெட்டியை அப்படியே கீழே வைத்தார்.

அந்த அம்மா அழவில்லை. அழுது முடித்த குரல் அது.

"கால் தவறி உருண்டுட்டான் சார் என் பையன். எழுந்திருக்க முடியல. அந்தப் பிள்ளைதான் முதுகுல தூக்கிக்கிட்டே மலை இறங்கியிருக்கான். ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கினப்ப என் பையனுக்கு உயிர் இல்ல."

"அம்மா... தெரியாம..."

"பாதி வழிவரைக்கும் கேமராவும் அவன் கழுத்துலயே இருந்துச்சாம். அப்புறம்தான் கழட்டி வீசினானாம். 'முன்னாடியே வீசியிருந்தா சீக்கிரம் வந்திருப்பேம்மா, நான்தான் அவனைக் கொன்னுட்டேன்'னு தினமும் வந்து என் காலடியில உக்காந்து அழறான். சோறு தண்ணி இல்ல, தூக்கம் இல்ல. நான் என்ன சொன்னாலும் அவன் காதுல விழல. ஒரு பிள்ளை போயிட்டான் சார். இவனும் போயிடுவானோன்னு எனக்கு நெஞ்சு பதறுது."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இது அவனுக்கும் புதுசு போலிருக்கிறது.

அந்த அம்மா சின்னக் கேமராவை எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

"இதைக் குடுத்துச் சொல்லணும் சார். இனிமே யாரைத் தூக்க வேண்டி வந்தாலும், எதை வீசறதுன்னு நீ யோசிக்கவே வேண்டாம்ப்பான்னு."