இன்னொரு ஓட்டம்

“இண்டைக்கும் தலை சுத்துது, பிள்ளை.” வி.ஆர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெற்றிசியா வான் வண்டியின் சீற்றில் சாய்ந்தார். குமட்டினால் சத்தி எடுக்கவென்று கொடுத்த பை மடிப்புக் குலையாமல் மடியில் கிடந்தது.

சுவேதினிக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடுகிற வாகனத்தில் இந்தக் கண்ணாடிக்குள் படம் பார்த்தாலும் குமட்டாமலிருக்க ஒரு வழி கண்டிருந்தாள் அவள். வான் ஓடுகிற இதே வீதியை, அரிப்பு என்ற இந்தக் கடலோர ஊரின் வீதியை, மாசியில் படமெடுத்து, வான் திரும்பினால் படமும் திரும்பும், குலுங்கினால் படமும் குலுங்கும்படி செய்திருந்தாள்.

பரிசோதனைக்கு வந்த மற்ற எல்லாரும் ஒரே ஓட்டத்தில் சுகமாக இறங்கிப் போய்விட்டார்கள். தலை சுற்றுகிறது என்பவர்களைத்தான் திரும்பக் கூப்பிடுவது. அப்படி மிஞ்சியது இந்த ஒரு மனிசி. இவருக்கும் சரிவராவிட்டால் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி தேறாது, இரண்டு வருசப் பாடும் மண்ணாய்ப் போகும்.

“அந்த அக்காவை விடுங்கோ, மிஸ்,” என்றான் சாரதி அலெக்ஸாண்டர். “பங்குனியில துக்கம் நடந்த வீடு. ஒழுங்கா சாப்பிடாட்டி தலை சுத்தத்தானே செய்யும்.”

சுவேதினியா விடுகிறவள்? பெற்றிசியாவின் தலை எங்கெங்கே அசைகிறது என்று, கண்ணாடி பதிந்துவைத்திருந்ததை மடிக்கணினியில் போட்டுத் தேடினாள். கோயில் சந்தி வந்ததும் தலை சடாரென்று இடப்பக்கம் திரும்புகிறது. சந்தி கழிந்த பிறகும் பின்னோக்கியே நிற்கிறது. எந்த ஓட்டத்தைப் பார்த்தாலும் அதே இடம்தான்.

அப்பாடா, பிடிபட்டுவிட்டது! அந்த இடத்தில் படம் பிசகுகிறது, அதனால்தான் மனிசிக்குச் சுற்றுகிறது. மறுநாளே வீதி முழுவதையும் புதிதாகப் படமெடுத்துக் கண்ணாடிக்குள் ஏற்றினாள். ஒன்றும் சொல்லாமல் பெற்றிசியாவுக்கு அணிவித்துவிட்டாள். தானாகவே சுகம் தெரியட்டும் என்று அவளுக்கு ஒரு சின்ன ஆசை.

வான் புறப்பட்டது. கோயில் சந்தி வந்ததும் பெற்றிசியாவின் தலை இடப்பக்கம் திரும்பியது. பிறகு வலப்பக்கம், பிறகு பின்னால். கைகள் வெறும் காற்றைத் துழாவின.

“நிப்பாட்டச் சொல்லுங்கோ, பிள்ளை!” கண்ணாடியை இழுத்துக் கழற்றினார். முகம் வெளிறியிருந்தது. “இது வேற படம். பழையதைப் போடுங்கோ.”

“அதில பிழை இருந்தது, அன்ரி. உங்களுக்குத் தலை சுத்தினதே அதாலதான். அடியோட அழிச்சுப்போட்டன்.”

பெற்றிசியா கண்ணாடியை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்கு ஒருநாளும் தலை சுத்தேல்ல, பிள்ளை. பழைய படத்தில அந்தச் சந்தியில கை காட்டிக்கொண்டு நிண்டது, பங்குனியில கடலோட போன என்ர மோன்.”