மூடுவதா, விடுவதா

"அணு உலையை மூடத்தான் வேணும்" என்று குசினிக்குள்ளிருந்து தீர்ப்பு வழங்கினார் அன்னபாக்கியம்.

அவருடைய கணவர் சிற்றம்பலம் கதிரையைக் குசினி வாசலுக்கு இழுத்துப் போட்டார். காலையிலிருந்து தேத்தண்ணி வரவில்லை. நாட்டு நலன் கருதிப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

"மூடினால் நாட்டுக்குக் கரண்டை ஆர் குடுக்கிறது? உன்ர அடுப்போ?"

"வெடிச்சால் எங்க ஓடுறது? நாங்கள் ஓடினது காணாதே?"

"அது வெடியாதப்பா. படிச்ச ஆக்கள் கட்டினது."

"எங்கட வாய்க்கால் பாலமும் படிச்ச ஆக்கள் கட்டினதுதான். ஒரு மாரிக்குத் தாங்கேல்லை."

ஒரு கிழமையாகச் சிற்றம்பலம் பார்த்த அணு உலை வீடியோக்கள் எதிலும் வாய்க்கால் பாலம் வரவில்லை.

"இஞ்ச பார், இது வாக்கு விசயம். இண்டைக்கு முடிவெடுக்கவேணும்!"

போன் அடித்தது. மகள் கஜனி.

"அப்பா, வாக்குச் சீட்டை இப்ப தபாலில போடவேணும். சுவிஸ் பிரஜாவுரிமை கிடைச்சு என்ர முதல் வாக்கு, நீங்கள் சொல்லுறபடிதான் எண்டனான். உலையை மூடவோ, விடவோ?"

"விடு" என்று வாயெடுத்தவர் தயங்கினார். "அது உன்ர வீட்டுக்குக் கிட்டவோ, பிள்ளை?"

"குசினி யன்னலால பார்த்தால் தெரியும், அப்பா."

சிற்றம்பலம் கதிரையிலிருந்து எழுந்தார். "மூடச் சொல்லிப் போடு."

தர்மபுரத்து வீட்டுக் குசினியிலிருந்து அன்னபாக்கியம் பாய்ந்து வந்தார்.

"விசரே உங்களுக்கு? அங்க பனி கொட்டுது. கரண்ட் இல்லாட்டிப் பிள்ளை விறைச்சுப்போகாதே? கஜனி, போட்டிடாதை, பொறு!"

சிற்றம்பலம் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். இன்றைக்குத் தேத்தண்ணி இல்லை என்பது மட்டும் முடிவாகிவிட்டது.