பிளஸ் எட்டுக்கு நண்டுக்கறி

"உங்கடை மனுசியாலை எனக்கு வெளியிலை தலைகாட்ட ஏலாமல் கிடக்கு, அண்ணை" என்று சொல்லிக்கொண்டே குமுதா சப்பாத்தைக் கழற்றினாள்.

யோகராஜா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். தங்கச்சி ஸ்ட்ரெதமிலிருந்து பஸ் ஏறிக் கோலியர்ஸ் வுட்டுக்கு வருகிறாள் என்றால் யாரையோ திருத்த வருகிறாள் என்று அர்த்தம். குமுதா கொன்வென்டில் படித்தவள். பாதி லண்டனுக்கு அது தெரியும். அவளேதான் சொல்லியிருக்கிறாள்.

இந்த முறை திருத்தப்பட வேண்டியவள் யோகராஜாவின் மனைவி கமலாம்பிகை.

விசயம் இதுதான். அந்த வீட்டு மேல் அறையில் லின் என்று ஒரு சீனப் பிள்ளை வாடகைக்கு இருந்தாள். இருபது வயதுக்கு இரண்டொன்று கூட இருக்கும். கோல்ப் விளையாடுவதுதான் தொழில். கோல்ப் என்றால் கோடி என்று நினைத்திருந்த குமுதா, இவ்வளவு காசுக்காரி ஏன் ஒற்றை அறையில் கிடக்கிறாள் என்று முதலில் சந்தேகப்பட்டாள். பிறகுதான் விளங்கியது. கோடியெல்லாம் உச்சியில் நிற்கிற நாலைந்து பேருக்கு. மற்றவர்கள் முதல் இரண்டு நாள் ஆட்டத்தில் கழிபட்டால் வெறுங்கை. போன செலவும் தங்கின செலவும் அவரவர் தலையில்.

லின் அடிக்கடி கழிபட்டாள்.

அது அவள் பாடு. குமுதாவின் பிரச்சினை வேறு. கோல்பில் குறைய அடிக்கிறவர்தான் வெல்கிறவர் என்பது கமலாம்பிகையின் மண்டையில் ஏறவே இல்லை. டிவியில் எழுத்தாக வருகிற விளையாட்டுப் பக்கத்தில் லின்னின் பெயருக்குப் பக்கத்தில் பிளஸ் எட்டு என்று கிடந்தால் பிள்ளை படுதோல்வி. கமலாம்பிகையோ அன்றைக்குத்தான் நண்டுக்கறி காய்ச்சி, புட்டும் அவித்து, "பிளஸ் எயிட், வெரி குட்" என்று அவளைக் கையில் பிடித்து இழுத்து மேசையில் இருத்துவாள். மைனஸ் என்று வந்தால், பரவாயில்லை, அடுத்த முறை பார்ப்போம் என்று முதுகைத் தடவிவிட்டுச் சோறும் பருப்பும் போடுவாள்.

போன மாதம் குமுதாவின் சிநேகிதி கலாவதி வந்திருந்த நேரம் பார்த்து இந்தக் கூத்து நடந்தது. கலாவதி அதை ஈஸ்ட் ஹாம் நகைக்கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

"பிளஸ் மைனஸ் விளங்காத சனம் எண்டு அந்தச் சீனப் பிள்ளை எங்களை நினைக்காதோ?" என்றாள் குமுதா. "இண்டைக்கு இதுக்கொரு முடிவு."

இன்றைக்கு என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வருடத்தின் கடைசிப் போட்டி. முன்னணிக்கு வராவிட்டால் அடுத்த வருடம் விளையாடும் உரிமை போய்விடும். ஊரில் அப்பா ஒரு கடையில் வேலை பார்த்து வைத்திருக்கிறார், திரும்பி வா என்கிறார் என்று லின்னே சொல்லியிருந்தாள். மத்தியானமே முடிவு வந்துவிட்டது. மைனஸ் பன்னிரண்டு. லின் முதலாவது. வாழ்க்கையில் முதல் வெற்றி.

அப்படி வென்று வருகிற பிள்ளைக்கு மச்சாள் ஆறுதல் சொல்லிப் பருப்பை ஊற்றப் போகிறாள். அதைத்தான் குமுதாவால் தாங்க முடியவில்லை.

கதவு திறந்தது. தன்னைவிடப் பெரிய பையைத் தோளில் சுமந்தபடி லின். முகமெல்லாம் சிரிப்பு. குமுதா அவளை நடையிலேயே மறித்து வாழ்த்துச் சொல்லி, தன் மச்சாளுக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, மன்னித்துக்கொள், இப்போதே விளக்கிச் சொல்லிவிடுகிறேன் என்று பிசகில்லாத ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

லின் திடுக்கிட்டுச் சமையலறைக் கதவைப் பார்த்தாள். வென்ற கிண்ணத்தைத் துவாயில் சுற்றிப் பைக்குள்ளே ஒளித்து வைத்திருந்தாள். தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி மூடினாள்.

"தயவு செய்து ஆன்ட்டிக்குச் சொல்லாதீர்கள்" என்றாள் மெல்ல. "நான் தோற்றால் அப்பா போனை வைத்துவிடுவார். தோற்று வருகிற நாளில் எனக்கு விருந்து வைக்கிற வீடு உலகத்தில் இது ஒன்றுதான். உண்மை தெரிந்தால் அது நின்றுபோகும். அடுத்த வருடமும் நான் தோற்பேனே."

குமுதா நேரே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே நண்டு கொதித்துக்கொண்டிருந்தது. கமலாம்பிகை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சாள், இண்டைக்கு மைனஸ் எல்லோ? பருப்பு எங்கை?" என்று கேட்டாள் குமுதா.

"முதலாவதாய் வந்திருக்கிறாள். இண்டைக்குப் பருப்பு வைக்க எப்பிடி மனம் வரும்?"

"அப்ப உங்களுக்குத் தெரியுமோ?"

"மெதுவாய்க் கதையுங்கோ. வந்த கிழமையே தெரியும். பிளஸ் எண்ட நாளிலை படியேறுற சத்தமே கேக்காது. பாவம் எண்டு சாப்பாடு கொண்டு போனன். பசிக்கேல்லை எண்டு கதவைப் பூட்டிப்போட்டுப் படுத்திட்டாள். வெண்டிட்டாய், வா எண்டால் வந்து சாப்பிடுறாள். சொல்லிப்போடாதேங்கோ மச்சாள், பிறகு சாப்பிட மாட்டாள்." அகப்பையோடு நின்று யோசித்தாள். "இண்டைக்கு நண்டுக்கு என்ன காரணம் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை."

"விடுங்கோ, நான் சொல்லுறன்."

குமுதா நண்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தாள். லின்னின் தலையைத் தடவினாள். கமலாம்பிகைக்கும் கேட்கும்படியாக, கொன்வென்ட் ஆங்கிலத்தில், முகத்தை உரிய சோகத்தோடு வைத்துக்கொண்டு சொன்னாள்:

"மைனஸ் பன்னிரண்டாமே, பிள்ளை. இவ்வளவு மோசமாக இன்றைக்கு வேறு ஒருவரும் விளையாடவில்லையாம். அழாமல் இந்த நண்டையாவது சாப்பிடு."