ஆற்றல் போன இடம்

"பொய் சொல்றது நீங்களா, கடிகாரமா? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்."

டீச்சர் கைக்கடிகாரத்தைக் கடைக்காரரின் மேசையில் வைத்தாள். அவள் கணவர், ஓய்வுபெற்ற நூலகர், கூரையைப் பார்த்தார். முப்பது வருடம் மற்றவர்களை வாயை மூடச் சொன்னவர். இப்போது தானே மூடிக்கொண்டார்.

"இதுக்குப் பேட்டரி கிடையாது. கை ஆட ஆட உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறும். அதுதான் இதுக்குச் சாப்பாடு," என்றாள் டீச்சர் கடைக்காரரிடம். "இவர் தினமும் காலையில ஒரு மணி நேரம் பூங்காவுல நடக்கிறாராம். ஆனா ரெண்டு மாசமா கடிகாரம் பட்டினி. மதியத்துக்குள்ள நின்னுடுது."

கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு குனிந்தார். "அருமையான கடிகாரமாச்சே! யார் வாங்கிக் கொடுத்தது?"

"மக. முதல் சம்பளத்துல," என்றார் நூலகர்.

டீச்சர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போன நாளிலிருந்து, வீட்டில் அவள் பேச்சை எடுத்தால் சமையலறைப் பாத்திரங்கள்தான் பதில் சொல்லும்.

"கடிகாரத்துல ஒரு குறையும் இல்லைம்மா. கட்டிக்கிட்டு நடந்தா ஓடும்."

"கேட்டீங்களா? பெஞ்சுல உக்காந்து காத்து வாங்கிட்டு வர்றீங்க!"

"சத்தியமா நடக்கிறேன்! நாலு கிலோ குறைஞ்சிருக்கேன். செருப்பைப் பாரு, எப்படித் தேஞ்சிருக்கு!"

"அதைத்தான் நானும் கேக்கறேன்." டீச்சருக்கு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "ஆற்றல் அழியாது. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணா மாறும், அவ்வளவுதான். நீங்க சாப்பிட்டது நடையா மாறிடுச்சு, சரி. நடை கைவீச்சா மாறி, ஸ்பிரிங்குல ஏறணுமே? ஏறலையே! அப்போ அது எங்கே போகுது?"

எங்கே போகிறது என்று நூலகருக்குத் தெரியும். சொன்னால் அந்த ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போய்விடும். அவருடைய நாளில் உருப்படியாக இருப்பதே அது ஒன்றுதான்.

கடைக்காரர் இரக்கப்பட்டார். "சில பேர் பாக்கெட்டுல கையை விட்டுக்கிட்டு நடப்பாங்கம்மா..."

"ஆமா! பாக்கெட்டுல!" என்றார் நூலகர் அவசரமாக.

"உங்க பேன்ட்டுல பாக்கெட்டே இல்லை. தச்சதே நான்தான்."

கடைக்காரர் சட்டென்று லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"போதும். நாளையிலிருந்து நானும் கூட வரேன்," என்றாள் டீச்சர்.

"நீ எதுக்கு? முட்டி வலியை வச்சுக்கிட்டு..."

"வரேன்னா வரேன்."

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். பூங்காவில் காத்திருப்பவர்களுக்கு நாளை வரவேண்டாமென்று எப்படிச் சொல்லி அனுப்புவது? நூலகர் மனதுக்குள் ஒரு நல்ல பொய்யைத் தேடினார். அந்த அலமாரி காலியாக இருந்தது.

வீட்டு வாசலில் டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். வாங்கும்போதே அது சத்தம் போட்டது. பிரித்தார்.

கிலுகிலுப்பை.

"ரெண்டு மாசமா உங்க சட்டைத் தோள்ல பால் வாடை. கடிகாரம் வேற நிக்குது. ரெண்டு கையாலயும் எதைத் தள்ளினா கை வீசாதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்களா வாயைத் திறப்பீங்கன்னுதான் கடைவரைக்கும் இழுத்துட்டுப் போனேன்." அந்தக் குரலில் இப்போது வகுப்பறை இல்லை. "பேரனா பேத்தியான்னுகூட எனக்குத் தெரியாது. யாரா இருந்தாலும், நாளைக்குக் குழந்தை வண்டியை நான் தள்றேன். நீங்க கையை வீசி நடங்க... அவ வாங்கிக் கொடுத்த கடிகாரம் நிக்கக் கூடாது."