கல்லாகிப்போன பில்டர்

சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டும் செல்லக்கண்ணு, ரெட்டிபாளையத்து வெயிலில் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். “ஒனக்கெல்லாம் வராதுப்பா” என்று மெக்கானிக் சிரித்ததால் வந்த ரோஷம். ஆலைத் தூசி அடைத்த ஏர் பில்டரை நேற்றுத் தண்ணீரில் நன்றாக அலசிக் காயவைத்தான். இப்போது தட்டினால் டொக்கென்கிறது. மனைவி புவனேஸ்வரி வாங்கித் தட்டிப் பார்க்கிறாள். “சிமெண்டுல தண்ணி பட்டா என்னாவும்னு ஒங்களுக்கா தெரியாது?” அவள் சிரிக்கச் சிரிக்க அவனுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. சீட்டின் கிழிசலிலிருந்து நுரைப்பஞ்சை நறுக்கி உள்ளே பொருத்தி மூடுகிறான். உதைக்கிறான். இருமுகிறது. மறுபடி உதைத்ததும் வண்டி படபடவென்று உயிர்பிடிக்க, வேலியோரக் கோழிகள் சிதறுகின்றன. புவனேஸ்வரி அந்தக் கல் பில்டரை மிளகாய் காயும் சாக்கின்மேல் பாரமாக வைத்துவிட்டு, பின்னால் ஏறி அவன் தோளைப் பிடிக்கிறாள். “எங்க போவணும்?” “மெக்கானிக் கடப் பக்கமாப் போங்க. ஆரன் அடிச்சிக்கிட்டே போங்க!”